எண்ணெய் குடித்த மண்ணுக்குச் சாட்சி யார்?

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி காலை, அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே நடுக்கடலில் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்தில் ஏற்றிய ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் அது இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் நாட்கணக்கில் போராடித் தீயை அணைத்தன. மசகு எண்ணெய்த் தாங்கிகள் தப்பின. கப்பலின் சொந்த எரிபொருளில் ஒரு பகுதி மட்டும் கசிந்து கடலில் படலமாக மிதந்தது. திருக்கோவில் தொடங்கி வாழைச்சேனை வரைக்கும் அந்தக் கிழமை எல்லோர் வாயிலும் இருந்தது ஒரே கேள்விதான்: எண்ணெய் கரைக்கு வருமா?

வரவில்லை. வராமல் போனது எங்களுடைய ஆயத்தத்தினால் அல்ல. செய்தி ஒரு மாதத்தில் மறைந்தது. நாங்களும் மறந்தோம்.

ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு எண்ணெய் வருவதற்குக் கப்பல் தேவையில்லை. ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்லாறு தாண்டிப் போகும் இந்த வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். எழுவான்கரையில் வரிசையாகக் கராஜ்கள், வாகனம் கழுவும் சேர்விஸ் நிலையங்கள். படுவான்கரையில் உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும். நடுவில் குருமண்வெளிப் பாதை, மீன்பிடித் தோணிகளின் மண்ணெண்ணெய் என்ஜின்கள். ஒவ்வொரு வாகனத்தில் இருந்தும் சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை கறுத்த ஒயில் இறங்குகிறது. அதில் ஒரு பகுதியை வாங்கிப் போக ஆட்கள் வருகிறார்கள். ஒரு பகுதி கறையானுக்கு மருந்தாக வேலிக்கட்டைக்கும் வீட்டு வளைக்கும் பூசப்படுகிறது. மிச்சம் மண்ணுக்குத்தான். மழை பெய்தால் கானுக்கு, கானில் இருந்து வாவிக்கு. 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்தில் எத்தனை வீட்டின் பின்புறம் பீப்பாயும் கானும் இருந்தன, அவற்றில் எத்தனை கசிந்தன என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்காது.

இந்தச் சிறிய, அன்றாட எண்ணெயைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பனிப்பிரதேசத்துப் பற்றீரியாக்கள் மீது ஆர்வம் வந்தது. உறைபனி மண்ணில் சிந்திய டீசலைத் தின்னும் நுண்ணுயிர்கள், அவற்றின் மரபணுக்களை வாசிக்கும் ஆய்வுகள். முப்பது பாகை வெயிலில் காயும் மட்டக்களப்பானுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

முதலில் அடிப்படை. பெற்றோலிய எண்ணெய் என்பது பெரும்பாலும் காபனும் ஐதரசனும் சேர்ந்த சங்கிலிகளும் வளையங்களும். பூமியின் அடியில் இருந்து இயற்கையாகவே கோடிக்கணக்கான ஆண்டுகளாக எண்ணெய் கசிந்து வருவதால், அதை உணவாக்கக் கற்றுக்கொண்ட பற்றீரியாக்கள் உலகம் முழுவதும் உண்டு. அவற்றின் முதல் வேலை, அந்த நீண்ட சங்கிலியின் நுனியில் ஓர் ஒட்சிசன் அணுவைச் செருகுவது. இதைச் செய்யும் நொதியத்துக்கான மரபணுக்களில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று ‘அல்க்-பி’. நுனியில் ஒட்சிசன் ஏறிவிட்டால் பிறகு அந்தச் சங்கிலி கொழுப்பமிலமாக மாறும். கொழுப்பமிலத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சக்தி எடுப்பது, நாங்கள் சாப்பிடும் தேங்காயெண்ணெயை எங்கள் உடம்பு எப்படிச் செய்கிறதோ ஏறத்தாழ அதே வேலைதான். கடினமானது முதல் கடி.

குளிரில் இந்த வேலை மூன்று வழியில் கெடும். எண்ணெய் இறுகித் தடிக்கும். நொதியங்கள் மந்தமாகும். பற்றீரியாவின் கலமென்சவ்வே விறைத்துப்போகும். கடைசியைப் புரிந்துகொள்ள நுவரெலியாவில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். விழாது. நல்லெண்ணெய் விழும், ஏனென்றால் அதன் கொழுப்பமிலச் சங்கிலிகள் வளைந்தவை. நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாதவை. குளிருக்குப் பழகிய பற்றீரியா செய்வது இதைத்தான்: தன் சவ்வைத் தேங்காயெண்ணெய் மாதிரியான கொழுப்பில் கட்டாமல் நல்லெண்ணெய் மாதிரியான கொழுப்பில் கட்டுகிறது. அதற்கான மரபணுக்கள் அதனிடம் இருக்கின்றன. குளிரில் மடங்கிப்போகாத, சற்று நெகிழ்ந்த நொதியங்களும் இருக்கின்றன. அந்தாட்டிக்காவின் கடலில் இருந்து எடுத்த ‘ஒலெயிஸ்பிரா அந்தாட்டிக்கா’ என்ற எண்ணெய் தின்னியின் முழு மரபணுத்தொகுதியும் 2013 இல் வெளியானது.

இப்போது கனடாவுக்கு வாருங்கள், எங்கள் சனம் பாதி அங்கேதானே. ஆனால் ரொறன்ரோவுக்கு அல்ல. நுனாவுட் பிரதேசத்தின் வட நுனியில் அலேர்ட் என்று ஓர் இராணுவத் தளம் இருக்கிறது. உலகத்தில் ஆண்டு முழுவதும் ஆட்கள் இருக்கும் வடகோடி இடம் அதுதான். இப்படிப்பட்ட தளங்கள் எல்லாம் டீசலில்தான் உயிர் வாழ்கின்றன. வெளிச்சமும் சூடும் அதில் இருந்துதான். எனவே அங்கும் டீசல் சிந்தியது, மண்ணுக்குள் இறங்கியது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்து விஞ்ஞானிகள் அந்த மண்ணைத் தோண்டிக் குவித்து, பசளை சேர்த்து, அதில் இருந்த மொத்த டீ.என்.ஏயையும் வாசித்தார்கள். 2012 இல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது இது: முதல் மாதத்தில் சூடோமோனாஸ் வகைகள் வேகமாகப் பெருகின. ஓர் ஆண்டு கழிய அவை அடங்கி, ரொடோகொக்கஸ் வகைகள் மேலே வந்தன. இலகுவான சாப்பாடு தீரும்வரை ஒரு கூட்டம், கடினமானதற்கு இன்னொரு கூட்டம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யாரும் வெளியில் இருந்து பற்றீரியா கொண்டுபோய் அங்கே கொட்டவில்லை. எல்லாம் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவை. பசளையும் காற்றும் கிடைத்ததும் எழுந்தன.

அந்தாட்டிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. 1991 இல் கையெழுத்தான மட்ரிட் உடன்படிக்கையின் கீழ், அந்தக் கண்டத்துக்கு வெளி உயிரினங்களைக் கொண்டுபோவது கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. நுண்ணுயிர்களும் அதற்குள் அடங்கும். அவுஸ்திரேலியாவின் தளத்தில் எரிபொருள் சிந்தினால் அவுஸ்திரேலியாதான் துப்புரவு செய்ய வேண்டும், அதுவும் அந்த மண்ணின் சொந்தப் பற்றீரியாவைக் கொண்டு. வேறு வழியில்லாததால்தான் பனிமண்ணின் பற்றீரியாக்களை அவர்கள் இவ்வளவு ஆழமாகப் படித்தார்கள். ஆளே இல்லாத ஒரு கண்டத்து மண்ணுக்கு இப்படி ஒரு சட்டம். பிள்ளைகள் விளையாடும் எங்கள் வளவு மண்ணுக்கு இல்லை.

இதற்கு எதிர்க்கரையில் இருப்பது, எண்ணெயைத் தின்னும் அற்புதப் பற்றீரியா என்ற பழைய கனவு. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, பல வகை எண்ணெய்க் கூறுகளைச் சிதைக்கும் ஆற்றலை ஒரே சூடோமோனாஸ் பற்றீரியாவில் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உயிர்த் தொழில்நுட்ப வியாபாரமே அந்தத் தீர்ப்பில் இருந்துதான் எழுந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பற்றீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கப்படவே இல்லை. 1989 இல் அலாஸ்காவில் ‘எக்ஸொன் வால்டீஸ்’ கப்பல் மோதி 4 கோடி லீற்றருக்கும் சற்று அதிகமான எண்ணெய் கொட்டியபோது, கரையில் தெளித்துப் பலன் கண்டது பசளை. குளிரான கடற்கரையின் சொந்தப் பற்றீரியாவுக்கு நைதரசனும் பொசுபரசும்தான் குறைவாக இருந்தன. அப்படியிருந்தும், கல்லுக்கும் மணலுக்கும் அடியில் ஒட்சிசன் போகாத இடத்தில் புதைந்த எண்ணெய் இருபது ஆண்டுகள் கழித்தும் அங்கே இருந்தது.

பற்றீரியாத் தூள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவின் டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஒயில்ஸாப்பர்’ என்ற கலவையைச் சோளப்பொத்தித் தூளில் ஏற்றி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கசட்டுக் குழிகளில் பாவிக்கிறார்கள். அளந்து, கிளறி, ஈரம் பார்த்துச் செய்யும் இடத்தில் அது வேலை செய்கிறது. எனக்குப் பயம் வேறு. நாளைக்கு ஒரு கம்பனி எங்கள் கரையில் எண்ணெய் கொட்டிவிட்டு, இரண்டு மூட்டைத் தூளைத் தூவிப் படம் எடுத்துப் போட்டால், “துப்புரவு முடிந்தது” என்று எழுதப் பத்திரிகைக்காரர்கள் நாங்களே தயாராக இருப்போம்.

சரி, எங்கள் மண்ணுக்கு இதில் என்ன? குளிர் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பொதுவாக வெப்பநிலை பத்துப் பாகை கூடும்போது இந்த வேலையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதால், அலேர்ட்டில் ஆண்டுக்கணக்கில் நடப்பது கொக்கட்டிச்சோலையில் மாதக்கணக்கில் நடக்க இடமுண்டு. ஆனால் வாவிக்கரையில் தடை வேறு: ஒட்சிசன். கண்டல் நிற்கும் சேற்றில் இரண்டு விரற்கடைக்குக் கீழே காற்றே இல்லை. கிண்டினால் அழுகிய முட்டை மணம் வருவது அதனால்தான். அங்கே எண்ணெய் இறங்கினால் அப்படியே கிடக்கும். பனாமாவில் 1986 இல் கண்டற்காட்டுக்குள் புகுந்த எண்ணெய், வெப்பமண்டல வெயிலிலும் பல ஆண்டுகளாகச் சேற்றில் இருந்து கசிந்துகொண்டே இருந்தது. சூடான நாடு, எல்லாம் தானாகவே போய்விடும் என்ற எண்ணம் வாவியின் சேற்றுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. கராஜ் ஒயில் வெறும் எண்ணெய் அல்ல. என்ஜினுக்குள் ஓடித் தேய்ந்த உலோகங்கள், சேர்க்கைப் பொருட்களில் வரும் துத்தநாகம், எரிந்து உண்டான வளையச் சேர்வைகள் எல்லாம் அதில் உண்டு. பற்றீரியா காபனைத் தின்னும். உலோகத்தைத் தின்று இல்லாமல் செய்ய எந்த மரபணுவாலும் முடியாது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடியில் இருந்து தெற்கே போகும் மணல்திட்டில் ஆபத்து இன்னும் கிட்ட இருக்கிறது. அங்கே குடிதண்ணீர் என்பது மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படை. மணலில் ஊற்றியது கிணற்றுக்குப் போக நெடுங்காலம் எடுக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கிணறுகளுக்கு நடந்தது நினைவிருக்கலாம். உதவி செய்ய வந்தவர்கள் எல்லோரும் பம்பு வைத்து இறைத்தார்கள். திரும்பத் திரும்ப இறைத்ததால் உப்புக் குறையவில்லை என்றும், இறைப்பு அடியில் இருந்த உப்புநீரை மேலே இழுக்கக்கூடியது என்றும், மழைதான் கடைசியில் கிணறுகளைக் கழுவியது என்றும் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. நல்ல மனதோடு செய்ததுதான். மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்தது.

தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதைச் சுன்னாகம் காட்டியது. வடக்கில் நடந்ததை இங்கே எழுதுவதற்குக் காரணம், மட்டக்களப்பில் அப்படி ஒன்று நடந்தால் நாங்கள் அதே இடத்தில்தான் நிற்போம் என்பதே. போர் முடிந்த கையோடு சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் கம்பனியின் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல்லின் ஊற்றை மட்டுமே நம்பி வாழும் குடாநாடு அது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்தபோது பெரும்பாலான கிணறுகளில் எண்ணெயும் கிறீஸும் குடிநீருக்கான தரத்தைத் தாண்டி இருந்தன. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ பயப்படும்படியான நச்சுப் பொருள் இல்லை என்ற பக்கமாகப் பேசியது. சனம் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தியது.

பிறகு வந்த வாதம்தான் முக்கியமானது. இது யாருடைய எண்ணெய்? அந்த வளாகத்தில் மின்சார சபையின் பழைய நிலையம் பல பத்தாண்டுகள் இருந்தது. கழிவொயில் தேங்கிய குட்டை இருந்தது. போர்க்காலத் தாக்குதல்களில் சிந்திய எண்ணெய் என்றும் கதை இருந்தது. போர் நடந்த பூமியில் குற்றம் சாட்டப்படுகிற எவருக்கும் இது வசதியான பதில்: “எங்களுக்கு முன்னமே கெட்டிருந்தது.” முன்னம் எப்படி இருந்தது என்று யாரும் அளந்து வைக்காதபோது அந்தப் பதிலை மறுப்பது கடினம்.

2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம், ரவீந்திர குணவர்தன காரியவசம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அந்தக் கம்பனி 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கூடியது 500 பேருக்கு, ஆளுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், கிணறு துப்புரவாக்க. தீர்ப்பு முக்கியமானது, தண்ணீருக்கான உரிமையை அது பேசியது. ஆனாலும் 40,000 ரூபாய்க்கு ஒரு கிணற்றின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லைத் துப்புரவாக்க முடியுமா என்று வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். 2025 ஜூலையில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பல் வழக்கில் அதே நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்தச் சொன்னது. இரண்டும் வேறு வேறு அளவிலான அழிவுகள், நேரடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் எந்தக் கரைக்கு எத்தனை பரிசோதனை நடந்தது, எத்தனை அறிக்கை எழுதப்பட்டது என்பது மனதில் வராமல் இல்லை.

மரபணு வாசிப்பு இங்கேதான் எனக்கு ஒரு துப்புரவுக் கருவியாக அல்லாமல் ஒரு சாட்சியாகத் தெரிகிறது. எண்ணெய் நெடுநாள் ஊறிய மண்ணில் எண்ணெய் தின்னும் பற்றீரியாவும் அல்க்-பி போன்ற மரபணுக்களும் பக்கத்துச் சுத்தமான மண்ணைவிட அதிகமாக இருக்கும். மணமும் நிறமும் போன பிறகும் அந்தத் தடம் கொஞ்சக் காலம் நிற்கும். இதோடு இரசாயனப் பரிசோதனையும் சேர வேண்டும். பற்றீரியா நேர்ச்சங்கிலிகளை முதலில் தின்கிறது, கிளைத்த சங்கிலிகளைப் பிறகு தொடுகிறது, ‘ஹோபேன்’ போன்ற சிலவற்றை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. எனவே எது போய்விட்டது, எது மிஞ்சியிருக்கிறது என்ற விகிதம், சிந்தியது புதிதா பழையதா என்று சொல்லும். ஹோபேன் வகைகளின் கலவை, எந்த மூலத்து எண்ணெய் என்று காட்டும் கைரேகை மாதிரி. மரபணு கம்பனியின் பெயரைச் சொல்லாது. ஆனால் “முன்னமே கெட்டிருந்தது” என்ற வாயை அடைக்க, முன்னைய மாதிரி ஒன்று கையில் இருந்தால் இவை போதும்.

குவைத்தின் கதையை எங்கள் சனத்துக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை; இந்தக் கரையில் அங்கே வேலைக்குப் போய்வந்த பெண்கள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். 1991 இல் பின்வாங்கிய ஈராக்கியப் படை அங்கே 600 இற்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடலிலும் எண்ணெய் திறந்துவிடப்பட்டது. கரையில் படிந்த எண்ணெயின் மேலே நீலப்பச்சைப் பாசி விரிப்புகள் வளர்ந்ததையும், அந்த விரிப்புக்குள் எண்ணெய் தின்னும் பற்றீரியாக்கள் ஒட்டிக் குடியிருந்ததையும் குவைத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே எழுதினார்கள். ஆனால் குவைத்து பாசியை நம்பிச் சும்மா இருக்கவில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை அமைத்த இழப்பீட்டு ஆணைக்குழு, சூழல் பாதிப்பை அளந்து மதிப்பிடும் ஆய்வுகளுக்கே தனியாகப் பணம் ஒதுக்கியது. சூழலுக்கு மட்டும் 500 கோடி டொலருக்கு மேல் தீர்ப்பானது. மொத்தமாக 5,240 கோடி டொலரை ஈராக் கட்டி முடித்தது 2022 ஜனவரியில். தோற்ற நாட்டிடம் வென்ற உலகம் வாங்கிய பணம் அது, எங்களுக்கு அப்படி ஓர் ஆணைக்குழு வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். நான் பார்ப்பது அந்த வரிசையை: முதலில் அளவீடு, பிறகு கணக்கு, பிறகு பணம்.

எங்கள் போருக்குப் பிறகு மண்ணில் அளக்கப்பட்ட ஒரே பொருள் கண்ணிவெடி. மிதிவெடி அகற்றிய நிலம் வரைபடத்தோடும் பத்திரத்தோடும் கையளிக்கப்படுகிறது. அது உயிர் காத்த வேலை, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஜெனரேட்டர் ஓடிய, வாகனம் பழுது பார்த்த, எரிபொருள் சேமித்த முகாம் காணி ஒன்று விடுவிக்கப்பட்டால், வீட்டுக்காரர் வாங்க வேண்டியது திறப்பு மட்டுமல்ல. அலேர்ட்டில் கனேடியத் தளம் தன் டீசலைத் தானே அளந்தது மாதிரி, இங்கும் இருந்தவர்தான் அளந்து கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீருக்கும் மண்ணுக்கும் ஒரு பரிசோதனைத் தாள். அது பெரிய கோரிக்கை அல்ல. காணி விடுவிப்புப் பற்றிப் பேசும் எங்கள் அரசியல்வாதிகளின் வாயில் இது இன்னும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இதை இப்போது எழுத இன்னொரு காரணம் வடக்கே இருக்கிறது. திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானத் தாக்குதலில் அதில் ஒரு தாங்கி எரிந்தது. போர்க்காலத்தில் பெரும்பகுதி காடேறிக் கிடந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தத்தின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சியிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இருவரும் சேர்ந்த கம்பனியிடமும் போகின்றன. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையைச் சக்தி மையமாக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. கிழக்கின் கரையோரமாக எண்ணெய்ப் போக்குவரத்துக் கூடப்போகிறது. அந்தத் தாங்கிகளைச் சுற்றிய மண் எண்பது ஆண்டு எண்ணெய்ச் சரித்திரம். வேலை தொடங்க முன் அந்த மண்ணை வாசித்து வைத்தால் விஞ்ஞானத்துக்கும் லாபம், சனத்துக்கும் லாபம். தொடங்கிய பிறகு வாசித்தால் அது இன்னொரு சுன்னாக வாதமாகத்தான் முடியும்.

வாவிக்குத் திரும்புகிறேன். மழைக்காலத்தில் இங்கே என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கிடைத்தது. 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து எண்ணெய் கழிமுகத்துக்குள் இறங்கியது. வீட்டுச் சுவரிலும் கண்டலிலும் படகிலும் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மீனவர்களே வாளியால் அள்ளினார்கள். எங்கள் முகத்துவாரம் அடைபட்டு, வாவி பெருகி, வெட்டிவிடச் சொல்லிக் கச்சேரிக்குப் போகும் ஒவ்வொரு மார்கழியிலும் கானில் கிடக்கும் எல்லா ஒயிலும் வாவிக்கு வருகிறது. சிறிய அளவில்தான். ஆனால் இறால் குஞ்சுக்குச் சிறிய அளவு என்று ஒன்று இல்லை.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் டீ.என்.ஏ வாசிப்புக் கருவி இப்போது உலகச் சந்தையில் கிடைக்கிறது. அதைக் கொண்டு ஆபிரிக்கக் கிராமங்களில் எபோலாவையே வாசித்தார்கள். கருவி இல்லாவிட்டாலும் முதலில் செய்யக்கூடியது மண்ணை எடுத்துப் பெயரும் திகதியும் எழுதி ஆழ்குளிரில் வைப்பது. வாசிப்பைப் பிறகு செய்யலாம். இழந்துபோன திகதியைப் பிறகு எடுக்க முடியாது. என்னிடம் கேட்டால் பாலமீன்மடு முகத்துவாரம், கல்லடிப் பாலத்தடி, குருமண்வெளித் துறை, மண்முனைக் கரை, வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் ஆகிய ஐந்து இடங்களில் தொடங்கச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் கரை மண் ஒரு பிடி, சேறு ஒரு பிடி. சேர்விஸ் நிலையங்களின் கழிவு விழும் கான்வாய்கள் எவை என்று மாநகர சபைக்குத் தெரியும். அந்தப் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம். வடகீழ்ப் பருவமழை பிடிக்கும் முன், ஐப்பசி தொடக்கத்துக்குள் எடுத்தால் வெள்ளத்துக்கு முன்னைய மண் அது. தை மாதம் திரும்பப் போய் அதே இடங்களில் இன்னொரு பிடி.